ஒரே பக்கம் தவறுவது

மூன்று துப்பாக்கிகள்.
தேவனாம்பட்டினம் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவே
சிமெண்ட் மேசைமேல் சாக்கு விரித்து
படுக்க வைத்திருந்தார் கிளப் செயலாளர் ஞானப்பிரகாசம்.
மூன்றும் பாயின்ட் டூ டூ.
மூன்றும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை
இழுத்துத் தள்ள வேண்டியவை.
என் சீட்டுப் பணம் ஒன்றைத்தான் தாங்கும்.

உரிமத்துக்கு அலைந்த எட்டு மாதத்தில்
மஞ்சக்குப்பத்தில் ஓர் எழுத்தர் கேட்டார்:
"யாரைம்மா சுடப் போற?"
"அட்டையை."
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.
'விளையாட்டு' என்று எழுதினார்,
ளகரத்துக்கு லகரம் போட்டு.

முதலாவது அழகி.
முகம் தெரிகிற மெருகு. போல்ட்
எண்ணெய் விட்ட கீல் மாதிரி போய் வருகிறது.
மணல்மூட்டைமேல் வைத்து ஐந்து சுட்டேன்.
ஐம்பது மீட்டர் நடந்து போய்ப் பார்த்தால்
இரண்டு ஒட்டி, ஒன்று மேலே, ஒன்று கீழே,
ஒன்று ஊர் சுற்றப் போயிருந்தது.
"காத்து" என்றார் சேரலாதன், அதை விற்க வந்தவர்.
இருக்கலாம். கொண்டல் எழுகிற நேரம்தான்.
மறுபடி ஐந்து.
இப்போது ஊர் சுற்றப் போனது வேறொன்று.

இரண்டாவதன் ட்ரிகரில் விரல் வைத்தால்
அது யோசிக்கிறது.
பிறகு யோசனையை மாற்றிக்கொள்கிறது.
வேண்டாம்.

மூன்றாவது பரங்கிப்பேட்டை டாக்டர் ஒருவருடையது.
கட்டையில் விரிசல், விரிசலில் அரால்டைட்,
குழலின் நீலம் உப்புக் காற்றில் பழுப்பேறியிருந்தது.
அதே டப்பாத் தோட்டா. அதே காற்று.
ஐந்தும் கறுப்பு வட்டத்துக்கு வெளியே,
இடப்பக்கம் கீழே,
ஒற்றை ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்.

சேரலாதன் சிரித்தார்.
"ஒண்ணுகூடக் கறுப்புல படலையே!"
நான் நாணயத்தை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிப்காட்டில் எடைமேடையில் என் வேலை.
முன்பு ஒரு பழைய மேடை இருந்தது,
எந்த லாரி ஏறினாலும் நாற்பது கிலோ கூட்டிச் சொல்லும்.
ஐப்பசி மழையிலும் நாற்பது, கத்திரியிலும் நாற்பது.
கழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.
அப்புறம் புதியது வந்தது.
திங்கட்கிழமை பத்து கூட, புதன்கிழமை முப்பது குறைய.
"சராசரி சரியா இருக்கு மேடம்" என்றார் இன்ஜினியர்.
எந்த லாரிக்காரன்
சராசரிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறான்?

ஒரே பக்கம் தவறுவதற்குத் திருகு இருக்கிறது.
மேலே பதினொரு சொடுக்கு,
வலப்பக்கம் ஏழு.
காதில் அடைப்பை அமுக்கிக்கொண்டேன்.
மூச்சு பாதி போனதும் நிறுத்தி
ஒன்று.
போல்ட். வெற்றுத் தோட்டா சிமெண்டில் உருளும் சத்தம்.
ஒன்று.
ஒன்று.
எண்ணுவதை விட்டுவிட்டேன், ஐந்தாவதற்குப் பின்
போல்ட் வெறுங்குழலில் போய் முட்டும்வரை.

ஞானப்பிரகாசம் தொலைநோக்கியில் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
திரும்பவும் பார்த்தார்.

அதற்கப்புறம் மூட்டையை எடுத்துவிட்டு
நின்றபடி ஐந்து சுட்டதை
இங்கே சொல்லத் தேவையில்லை.
அது துப்பாக்கியின் கணக்கு அல்ல, என்னுடையது.
நாலாவது வலப்பக்கம் போகிறது.
எப்போதும் நாலாவதுதானா என்று
அடுத்த ஞாயிறும் பார்க்க வேண்டும்.

"இதுதானா?" என்றார் ஞானப்பிரகாசம்.
"இதே லாட் தோட்டா இன்னும் எத்தனை டப்பா இருக்கு?" என்றேன்.
சேரலாதன் தன் அழகியை
மஞ்சள் துணியால் துடைத்து உறைக்குள் வைத்தார்.
பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை,
ஒரே தப்பை இரண்டு முறை செய்யவில்லை, அவ்வளவுதான்.

அட்டையை மடங்காமல்
டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து
திருப்பாதிரிப்புலியூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
தங்கை கமலவேணி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.
ஓட்டை வழியாக
வெளிச்சம் அவள் மூக்கில் விழுந்தது.

"அஞ்சு சுட்டேன்னியே அக்கா,
மீதி நாலு எங்க?"